பெர்ல் மொழியின் எதிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட பெர்ல் என்ற நிரலாக்க மொழி நாற்பது வயதை நெருங்குகிறது. அதில் எழுதிப் பிழைப்பவர்களும், யாரோ எழுதிவிட்டுப் போன பெர்ல் நிரல்களை இன்று கட்டிக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களும், இந்த மொழியில் புதிதாகக் கால் வைக்கலாமா என்று தயங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்களில் தகவலோடு என் கருத்தும் கலந்திருக்கிறது. எது கருத்து என்பது படிக்கும்போதே விளங்கும்.

பெர்ல் செத்துக்கொண்டிருக்கிறதா?

இப்படிக் கேட்பவர்களிடம் சற்று நேரம் பேசினால், அவர்கள் ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பது தெரியவரும். பெர்ல் நிரல்களை ஓட்டும் மென்பொருளான இன்டர்ப்ரெட்டர் தொடர்ந்து பராமரிக்கப்படுமா என்பது ஒன்று. நம் நிரல்கள் சார்ந்திருக்கும் மாட்யூல்களை, அதாவது சிபேன் என்ற பொதுக் களஞ்சியத்தில் உள்ள ஆயத்த நிரல் தொகுப்புகளை, யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. எனக்கு வேலை இருக்குமா என்பது மூன்றாவது. பெரும்பாலும் அதுதான் கேட்பவரின் மனத்தில் முதலில் இருப்பது, ஆனால் வாயில் கடைசியாக வருவது.

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. இன்டர்ப்ரெட்டரைப் பொறுத்தவரை இன்னும் பல ஆண்டுகளுக்குப் பெரிய அச்சம் தேவையில்லை, 2010இல் 5.12 வந்தது முதல் ஆண்டுக்கொரு முதன்மைப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது, 2025 ஜூலையில் 5.42 வந்தது. சிபேனைப் பொறுத்தவரை கவலைக்கு உண்மையான காரணம் இருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை நிலைமை இறங்குமுகம் என்பதை மறைப்பதில் பயனில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பதிப்பு வெளிவரும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு சாரார் "பார்த்தீர்களா, உயிரோடு இருக்கிறது" என்று சொல்வதும், மறு சாரார் "வேலை விளம்பரங்களைப் பாருங்கள்" என்று பதில் சொல்வதும், இருவருமே தத்தம் அளவில் சரியாக இருப்பதும் நடக்கிறது.

அப்படியானால் பெர்ல் செத்துவிட்டது என்ற பேச்சு எப்படி வந்தது?

பெரும்பகுதி பெர்ல் சமூகமே தேடிக்கொண்டது. 1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5, இணையம் பரவிய அதே வேளையில் கைக்குக் கிடைத்த கருவியாக இருந்ததால், இணையப் பக்கங்களைச் சர்வரில் உருவாக்கித் தரும் சிஜிஐ ஸ்கிரிப்ட் என்றாலே பெர்ல் என்ற நிலை உருவானது. ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் உள்ளுக்குள் ஒரு சலிப்பு படிந்திருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த மாநாட்டின்போது, ஒரு சிறு கூட்டத்தில் பெர்ல் நிரலாளர் ஜான் ஓர்வான்ட் காபிக் கோப்பைகளைச் சுவரில் எறிந்து, ஏதாவது புதிதாகச் செய்யாவிட்டால் நாம் ஒழிந்தோம் என்ற பொருளில் கத்தியது பெர்ல்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த கதை. அதையொட்டி லாரி வால் பெர்ல் 6ஐ அறிவித்தார். சமூகத்திடம் கருத்துக் கேட்டபோது 361 முன்மொழிவுகள் வந்து குவிந்தன.

அவற்றை எல்லாம் வடிகட்டி மொழியை வடிவமைத்து, அதை ஓட வைக்கும் செயலாக்கம் ஒன்றை முழுமையாக வெளியிட 2015 கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. இடையில் ஆட்ரி டாங், பின்னாளில் தைவானின் டிஜிட்டல் துறை அமைச்சரானவர், ஹேஸ்கெல் மொழியில் எழுதிய பக்ஸ் என்ற செயலாக்கம் ஒரு காலம் நம்பிக்கை ஊட்டியது; அதுவும் நின்றுபோனது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் வெளியுலகம் கண்டது எண்களை மட்டும்தான். 6 வரப்போகிறது என்றால் 5 பழையது, பழையதில் எதற்குப் புதிய வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஒரு மேலாளர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. போதாக்குறைக்கு, 2002இல் வந்த 5.8க்கும் 2007 டிசம்பரில் வந்த 5.10க்கும் இடையே ஐந்து ஆண்டுகள் புதிய முதன்மைப் பதிப்பே இல்லை. ரூபி ஆன் ரெயில்ஸ் எழுந்ததும், மலிவான வாடகை சர்வர்களில் பிஎச்பி பரவியதும், கல்லூரிகளில் பைத்தான் நுழைந்ததும் அந்த இடைவெளியில்தான்.

2019 அக்டோபரில் பெர்ல் 6க்கு ராக்கு என்று பெயர் மாற்றினார்கள். சரியான முடிவு, பத்தாண்டுகளாவது தாமதமான முடிவு.

பெர்லைத் தெரிந்தவர் ராக்குவுக்கு மாறலாமா?

ஆசைக்குக் கற்கலாம். இலக்கணங்களை மொழிக்குள்ளேயே எழுதும் வசதியும், தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளை அது எண்ணும் முறையும் அழகானவை. ஆனால் பெர்ல் 5 நிரல்கள் அதில் நேரடியாக ஓடாது, அது பெர்லின் அடுத்த பதிப்பும் அன்று. பிழைப்புக்காக மாறுவதாக இருந்தால், ஒரு சிறிய சந்தையிலிருந்து அதைவிடச் சிறிய சந்தைக்குப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பெர்ல் 7 என்று ஒன்றை அறிவித்தார்களே, அது என்னவாயிற்று?

2020 ஜூனில், அப்போது பெர்ல் வெளியீடுகளுக்குப் பொறுப்பாக இருந்த சாயர் எக்ஸ் இணையவழி மாநாட்டில் அதை அறிவித்தார். திட்டம் எளியது: 5.32ஐயே எடுத்து, தவறுகளை முன்கூட்டியே பிடித்துக் காட்டும் 'ஸ்ட்ரிக்ட்', 'வார்னிங்ஸ்' போன்ற நல்ல பழக்கங்களை இயல்பாகவே இயங்கும்படி வைத்து, 7 என்று பெயரிடுவது. புதிதாக வருபவர் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதே மந்திர வரிகளை எழுத வேண்டியதில்லை. வெளியுலகத்துக்கும் மொழி நகர்கிறது என்று காட்டியதாகும்.

எதிர்ப்பும் அந்த வரிகளை முன்வைத்தே வந்தது. அந்த வரிகள் இல்லாமல் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரென்றே பல இடங்களில் தெரியாது. இயங்குதளத்தில் பெர்ல் என்ற பெயரில் இருக்கும் நிரல் ஒருநாள் 7ஆக மாறினால் அவை நள்ளிரவில் ஓடாமல் நின்றுவிடும். சிபேனில் உள்ள பழைய மாட்யூல்களின் கதியும் அதுவே. விவாதம் மொழியைத் தாண்டி, இப்படி ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வியில் போய் நின்றது, மனக்கசப்பும் மிகுந்தது. 2020 டிசம்பரில் மூவர் அடங்கிய வழிநடத்தும் குழு ஒன்றை ஏற்படுத்தும் விதிமுறைகள் ஏற்கப்பட்டன. சாயர் எக்ஸ் 2021இல் விலகினார். 2022இல் குழு தன் நிலையைத் தெளிவாக்கியது: பழைய நிரல்களை உடைக்கும் 7 வராது, புதிய வசதிகள் 5.x வரிசையிலேயே, கேட்பவருக்கு மட்டும் இயங்கும்படி வரும். என்றாவது ஒருநாள் போதிய மாற்றம் சேர்ந்துவிட்டதாகக் குழு கருதினால் 7 என்று பெயரிடப்படலாம்.

இந்த முடிவு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நன்மை செய்தது, புதிதாக வரக்கூடியவர்களை இழந்தது என்பது என் கணிப்பு. பெர்லின் நிலைமையில் முதலாவதைத் தேர்ந்ததில் தவறு காண மாட்டேன். பைத்தான் 2008இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டுப் பழையதை உடைத்தபோது, இரண்டாம் பதிப்பை முழுவதுமாக மூட 2020 ஜனவரி வரை ஆனது. ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்ததால் அது தாங்கியது. அப்படிப்பட்ட வரத்து பெர்லுக்குக் கிடையாது.

அப்படியானால் மொழியில் புதிதாக எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதைப் பழைய பெர்ல்காரர்களில் பாதிப்பேர் கவனிக்கவில்லை. 2022 மே மாதம் வந்த 5.36இல், கோப்பின் தொடக்கத்தில் அந்தப் பதிப்பு எண்ணைக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதினால் ஸ்ட்ரிக்டும் வார்னிங்ஸும் தாமாகவே வந்துவிடும்; துணைநிரல்களின் அடைப்புக்குறிக்குள் அளபுருக்களின் பெயர்களை எழுதும் வசதியும் சோதனை நிலையிலிருந்து வெளியேறி நிலைபெற்றது. @ குறியிட்ட பட்டியலைப் பிரித்து எடுக்கும் அந்தப் பழைய முதல் வரி இனி தேவையில்லை. 2023இல் வந்த 5.38இல் பால் எவான்ஸின் உழைப்பால் வகுப்புகளை எழுதும் இலக்கணம் மொழிக்குள்ளேயே வந்தது. அது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, பெரிய நிரல்களில் நம்பி இறங்க அவசரப்பட வேண்டாம். 2024இல் 5.40 வந்தபோது பிழைகளைப் பிடித்துக் கையாளும் ட்ரை, கேட்ச் இரண்டும் நிலைபெற்றன. மற்ற மொழிகளில் எப்போதோ வந்தவைதாமே என்று கேட்டால், ஆம்.

எங்கள் பழைய நிரல்கள் புதிய பதிப்பில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். 5.8 காலத்து ஸ்கிரிப்டை எடுத்து 5.40இல் போட்டால் ஒரு வரியும் மாற்றாமல் ஓடுவது வியப்புக்குரிய செய்தியே கிடையாது. உடையும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை, அவற்றில் இரண்டு முக்கியமானவை.

2013இல் வந்த 5.18 முதல், சாவியும் மதிப்புமாகத் தரவைச் சேமிக்கும் ஹாஷில் உள்ள சாவிகள் எந்த வரிசையில் வரும் என்பது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும்படி செய்யப்பட்டது. முன்பும் வரிசைக்கு உத்தரவாதம் இருந்ததில்லை. ஆனால் ஒரே கணினியில் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்ததால், பல சோதனைகளும் சில அறிக்கைகளும் தெரியாமலே அதை நம்பியிருந்தன. 2017இல் வந்த 5.26 இன்னும் கூடுதலான இடங்களில் தைத்தது. மாட்யூல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலில் கடைசியாக ஒரு புள்ளி, அதாவது தற்போதைய அடைவு, காலங்காலமாக இருந்துவந்தது. நிர்வாகி ஒருவர் எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிக அடைவில் நின்றுகொண்டு ஒரு பெர்ல் கருவியை ஓட்டினால், அங்கே வேறொருவர் போட்டுவைத்த கோப்பு மாட்யூலாக ஏற்றப்பட்டுவிடும் ஆபத்து இருந்ததால் அந்தப் புள்ளியை நீக்கினார்கள். ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே துணைக் கோப்புகளை வைத்து எழுதியிருந்த எல்லோருக்கும், மாட்யூலைக் காணோம் என்ற பிழைச்செய்தி வந்தது. ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கும் இரண்டு வரிகளால் தீரும் சிக்கல் அது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாமல் பல குழுக்கள் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டன.

உடைக்காமல் விட்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரண்டு மதிப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க 5.10இல் வந்த ஸ்மார்ட்மேட்ச் குறியீடு தவறான வடிவமைப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், 5.18இல் அது சோதனை நிலைக்கு இறக்கப்பட்டது, 5.38இல் கைவிடப்படும் என்று எச்சரிக்கப்பட்டது, 5.42இல் நீக்கப்படவிருந்தது. கடைசியில் 5.42 வந்தபோது நீக்கவில்லை, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பெர்ல் குழுவின் மனப்போக்கை அறிய விரும்புபவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

சிபேனைப் பற்றி நீங்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

ஏனென்றால் பெர்லில் எழுதப்பட்ட எந்தப் பெரிய நிரலும் உண்மையில் சிபேனில் எழுதப்பட்டதுதான். 1995இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் வேறு மொழிகளுக்குப் போய்விட்டார்கள், ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். மாட்யூல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நன்றாக ஓடுவதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அதன் விளைவு 2023 டிசம்பரில் தெரிந்தது. எக்செல் கோப்புகளைப் படிக்க உதவும் ஸ்ப்ரெட்ஷீட்::பார்ஸ்எக்செல் மாட்யூல், பல ஆண்டுகளாக எந்த மாற்றமும் இன்றி 0.65 என்ற பதிப்பிலேயே இருந்தது. எக்செல்லில் ஒரு எண்ணை எப்படிக் காட்ட வேண்டும் என்ற வடிவக் குறிப்புக்குள், எண் இவ்வளவுக்கு மேல் இருந்தால் இப்படிக் காட்டு என்று சதுர அடைப்புக்குள் நிபந்தனை எழுத முடியும். அந்த நிபந்தனையைச் சரிபார்க்க மாட்யூல் ஒரு குறுக்குவழியை எடுத்திருந்தது: கோப்பிலிருந்து வந்த சொற்சரத்தை அப்படியே இவால் என்ற கட்டளைக்குக் கொடுத்து, பெர்ல் நிரலாகவே ஓட்டியது. நிபந்தனை இருக்க வேண்டிய இடத்தில் கட்டளைகளை எழுதி ஒரு எக்செல் கோப்பை யாராவது அனுப்பினால், அதைத் திறந்து பார்க்கும் கணினியில் அந்தக் கட்டளைகள் ஓடும். பாரகூடா நிறுவனத்தின் மின்னஞ்சல் பாதுகாப்புக் கருவிகள், வந்த இணைப்புகளில் தீங்கு இருக்கிறதா என்று ஆராய்வதற்காக, அமேவிஸ் என்ற நிரல் வழியாக இதே மாட்யூலைப் பயன்படுத்தின. பெறுநர் அஞ்சலைத் திறக்கக்கூடத் தேவையில்லை. அஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும். தாக்குபவர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திய பிறகே உலகம் அந்த மாட்யூலைத் திரும்பிப் பார்த்தது. திருத்திய 0.66 டிசம்பர் 29 அன்று வந்தது.

இதில் பெர்ல் இன்டர்ப்ரெட்டரின் குற்றம் எதுவும் இல்லை, பெர்லின் புதிய பதிப்பை நிறுவியிருந்தாலும் இது நடந்திருக்கும். மொழி வாழ்கிறதா என்று விவாதிப்பவர்கள் இப்படிப்பட்ட மாட்யூல்கள் தங்கள் சர்வரில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு பிற்பகல் உட்கார்ந்து கணக்கெடுத்தால் விவாதத்தைவிடப் பயனுள்ளதாக இருக்கும். நிலைமையை உணர்ந்து சிபேன் பாதுகாப்புக் குழு ஒன்று 2023இல் உருவானது என்பதையும், பாதுகாப்பு ஓட்டைகளை அடையாளப்படுத்தும் பொது எண்ணான சிவிஇ எண்ணை வழங்கும் அதிகாரத்தை அது 2025இல் பெற்றது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் சிபேனுக்கு நடந்த மிக நல்ல செய்தி அதுதான்.

நாங்கள் நம்பியிருக்கும் மாட்யூலின் ஆசிரியரைக் காணவில்லை. என்ன செய்வது?

சிபேனில் மாட்யூல்களைப் பதிவேற்றும் உரிமையை பாஸ் என்ற சர்வர் நிர்வகிக்கிறது. ஆசிரியருக்கு எழுதிக் காத்திருந்து, பொதுவில் அறிவித்தும் பதில் வராவிட்டால், பாஸ் நிர்வாகிகள் ஆராய்ந்து பராமரிப்பு உரிமையை உங்களுக்கு மாற்றித் தர வழி உண்டு. தாமாகவே கைமாற்ற விரும்பும் ஆசிரியர்கள், தத்தெடுக்க ஆள் தேவை என்று குறித்து வைக்கிறார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளில் ஒவ்வொரு வெளியீட்டையும் பல இயங்குதளங்களிலும் பல பெர்ல் பதிப்புகளிலும் ஓட்டிப் பார்க்கும் சிபேன் டெஸ்டர்ஸ் ஏற்பாடு இருப்பதால், முன்பின் தெரியாத நிரலைக் கையில் எடுப்பவருக்கும் ஓரளவு தைரியம் கிடைக்கும். அந்த ஏற்பாடு பல புதிய மொழிகளுக்கு இன்றும் வாய்க்கவில்லை.

உங்கள் நிறுவனம் ஒரு மாட்யூலை நம்பிப் பணம் ஈட்டுகிறது என்றால், அதன் பராமரிப்பை நிறுவன நேரத்திலேயே செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால், தனிப்பட்ட பிரதி ஒன்றை எடுத்து உங்கள் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு திருத்துவதுதான் வழி. ஆனால் அந்தத் திருத்தங்கள் உங்களோடு நின்றுவிடும், அடுத்த ஊரில் இன்னொருவர் அதே ஓட்டையில் விழுவார்.

இன்டர்ப்ரெட்டரை எத்தனை பேர் பராமரிக்கிறார்கள்?

மாற்றங்களை அனுப்புபவர்கள் பலர்; ஆழமான பகுதிகளைத் தொடத் துணிபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெர்லின் உட்பகுதி மேக்ரோக்கள் அடர்ந்த சி நிரல். உரையில் வடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸ் இயந்திரத்தையும் யூனிகோட் பகுதியையும் புரிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு, அவர்களுக்கும் வயதாகிறது. பெர்ல் மற்றும் ராக்கு அறக்கட்டளை நன்கொடை திரட்டி, சிலருக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்து வழுக்களைத் திருத்தவைக்கிறது. அந்த நிதி வற்றினால் புதிய வசதிகள் நிற்பதைவிட, பழைய வழுக்களைத் தேடிப்பிடிக்கும் அந்தப் பொறுமையான வேலைதான் முதலில் நிற்கும்.

லாரி வால் இல்லாவிட்டால்?

நெடுங்காலமாகவே அன்றாட வேலைகள் அவர் கையில் இல்லை. 'பம்ப்கிங்' என்று அழைக்கப்பட்ட பொறுப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக நடத்தினார்கள், இப்போது மூவர் குழு நடத்துகிறது. ஒருவரையே நம்பியிருக்கும் மொழிகளோடு ஒப்பிட்டால் இந்த விஷயத்தில் பெர்ல் முந்திக்கொண்டுவிட்டது.

லினக்ஸிலிருந்து பெர்லை நீக்கிவிடுவார்களா?

டெபியன் லினக்ஸில் பெர்ல்-பேஸ் என்ற தொகுப்பு இன்றியமையாதவற்றுள் ஒன்று. தொகுப்புகளை நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் தொடங்கி, தொகுப்புகளை உருவாக்கும் கருவிகள் வரை பெர்லில் எழுதப்பட்டவை. உபுண்டுவுக்கும் அது பொருந்தும். மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொகுக்கவும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சோதனைகளை ஓட்டவும், லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பும் திருத்தங்களின் நடையைச் சரிபார்க்கவும் பெர்ல் வேண்டும். ஆகவே உடனடியாக நீக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அதே சமயம் கரை மெல்ல அரிக்கப்படுகிறது என்பதும் உண்மை: நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் பெர்ல் பகுதிகள் சில சி மொழியில் மாற்றி எழுதப்பட்டுவிட்டன, ஆப்பிள் நிறுவனம் 2019லேயே, இனி வரும் மேக் பதிப்புகளில் பெர்ல் உட்பட ஸ்கிரிப்ட் மொழிகள் இயல்பாக இடம்பெறாமல் போகலாம் என்று அறிவித்தது. பைத்தான் 2.7ஐ 2022இல் நீக்கியும்விட்டது. பெர்லை இன்னும் தொடவில்லை.

எல்லாவற்றையும் பைத்தானில் மாற்றி எழுதிவிடலாமா?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. பெர்ல் தெரிந்தவர் ஒருவரும் குழுவில் இல்லை, புதிதாக யாரும் கற்கவும் மறுக்கிறார்கள் என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும். மற்றபடி, மொழி பழையது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுவது பெரும்பாலும் நட்டத்தில் முடிகிறது. இருபது ஆண்டு ஓடிய ஸ்கிரிப்டில் வாடிக்கையாளர்கள் செய்த விநோதமான தவறுகளுக்கெல்லாம் ஒவ்வொரு வரியில் விடை எழுதப்பட்டிருக்கும். அந்த வரி ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மாற்றி எழுதுபவர் விட்டுவிடுவார், மூன்றாம் மாதம் அதே தவறு திரும்ப வரும். 2007 வாக்கில் பெர்லிலிருந்து பைத்தான் 2க்கு மாறியவர்கள், 2020க்குள் பைத்தான் 3க்காக மறுபடி எழுத நேர்ந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். மாறாமல் இருந்தவர்களின் பெர்ல் அந்தக் காலம் முழுவதும் சும்மா ஓடியது.

மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டால், முதல் வேலை பெர்ல் நிரலுக்குச் சோதனைகளை எழுதுவது. எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு வருகிறது என்பதை, தவறான உள்ளீடுகள் உட்பட, பதிவு செய்யுங்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக மாற்றிக்கொண்டு, பழையதும் புதியதும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒப்பிட்டபடியே போகலாம். இப்படிச் சோதனைகளை எழுதி முடித்த குழுக்களில் பல, மாற்றும் எண்ணத்தையே கைவிட்டுவிடுகின்றன. அவர்களின் அச்சத்துக்குக் காரணம் நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்ததுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெர்லைக் காப்பாற்றுமா?

பழைய நிரலைப் படித்து விளக்குவதில் அவை உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ரெஜெக்ஸ் காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு அது சிறிய உதவியன்று. எழுதச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். இணையத்தில் கிடக்கும் பெர்ல் பெரும்பாலும் தொண்ணூறுகளில் எழுதப்பட்டது என்பதால், கருவிகளும் அந்த நடையையே திருப்பித் தரும் போக்கு உண்டு. 5.36இன் நடையில் எழுது என்று வெளிப்படையாகச் சொன்னால் ஓரளவு தேறும்.

தமிழ் உரையைக் கையாளப் பெர்ல் இன்னும் ஏற்றதா?

ஏற்றது, ஆனால் முன்னிருப்பு நடத்தையை நம்பக்கூடாது. 'பெர்ல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த ஸ்கிரிப்டில் எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 18 என்று வரும், அவை பைட்டுகள். மூல நிரல் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவித்துவிட்டுக் கேட்டால் 6 வரும். ப, எகரக் குறி, ர, புள்ளி, ல, புள்ளி எனத் தனித்தனி யூனிகோட் குறிகள். நாம் எண்ணும் பெ, ர், ல் என்ற மூன்று எழுத்துகள் வேண்டுமானால், ரெஜெக்ஸில் பின்சாய்வுக் கோட்டுடன் பெரிய எழுத்து எக்ஸ் போட்டுத் தேடி எண்ண வேண்டும். மூன்று விடைகளும் தத்தம் அளவில் சரியானவை, முதல் விடை மட்டும் பொதுவாக யாருக்கும் வேண்டாதது. 5.42 இங்கே ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது: அந்தப் பதிப்பைக் கோப்பின் தலையில் கேட்டுவிட்டு, யூடிஎஃப்-8 என்று அறிவிக்காமல் தமிழ் எழுத்தை நிரலில் எழுதினால், வாய்மூடி 18 என்று சொல்லாமல் நிரலே பிழை காட்டி நின்றுவிடும்.

பெர்ல் வேலைகள் இருக்கின்றனவா? புதிதாகப் படிப்பவர் கற்கலாமா?

புதிய திட்டங்கள் பெர்லில் தொடங்கப்படுவது அரிது. இருக்கும் வேலைகள் பெரும்பாலும் பராமரிப்பு: பழைய இணையச் சேவைகள், மின்னஞ்சல் மற்றும் ஹோஸ்டிங் மென்பொருள்கள், மரபணு ஆய்வு நிறுவனங்கள். சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்கிரிப்டுகளாகப் பெர்லும் டிசிஎல் என்ற மொழியும் இன்னும் புழங்குகின்றன. பெங்களூரு, சென்னையில் அந்தத் துறைக்குப் போகும் பொறியாளர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைச் சந்திக்க நேரும்.

ஆகவே கல்லூரி முடித்தவர் பெர்லை மட்டும் கற்றுக்கொண்டு வேலை தேடுவது தவறு. வேறொரு மொழியில் தேர்ந்தபின் இரண்டாவதாகக் கற்பது நல்லது. பதினைந்து ஆண்டுகளாகப் பெர்லில் இருப்பவருக்கு நான் சொல்வது வேறு. உங்கள் மதிப்பு பெர்ல் இலக்கணத்தில் இருப்பதைவிட, அந்த நிரல் நடத்தும் வணிகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவற்றில்தான் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அந்த அறிவு ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அங்கே ஆள்குறைப்பு வந்தால் வெளியே அதை விளக்குவது கடினம். நிறுவனத்துக்குள் அடுத்துத் தொடங்கும் திட்டம் எந்த மொழியில் இருந்தாலும் அதில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நிரலாக்க மொழிகளைத் தரவரிசைப்படுத்தும் டியோபி பட்டியலில் பெர்ல் முதல் பத்துக்குள் வந்ததாகப் படித்தேன். திருப்பம் வந்துவிட்டதா?

2025இல் அப்படி வந்தது உண்மை. அந்தப் பட்டியல் தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயர் எத்தனை பக்கங்களில் கிடைக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. அது இறங்கியபோது அழுதவர்கள் தவறு செய்தார்கள் என்றால், ஏறியபோது மகிழ்பவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

எந்தப் பதிப்பில் இருப்பது பாதுகாப்பு?

பெர்ல் குழு கடைசி இரண்டு நிலையான வரிசைகளைப் பராமரிக்கிறது. மிக முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட வரிசைகளுக்கும் இயன்றவரை தருகிறது. அதைவிடப் பழைய பதிப்பில் இருப்பவர்கள் தங்கள் லினக்ஸ் விநியோகத்தையே நம்ப வேண்டும்: உபுண்டு 24.04இல் 5.38, டெபியன் 13இல் 5.40, ரெட் ஹேட் 9இல் 5.32 இருக்கின்றன. சென்ட்ஓஎஸ் 7இல் இருந்த 5.16ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு 2024 ஜூனோடு அந்தத் துணையும் போய்விட்டது.

இயங்குதளத்தின் பெர்லை இயங்குதளத்துக்கே விட்டுவிட்டு, உங்கள் நிரலுக்கென்று பெர்ல்ப்ரூ போன்ற கருவியால் தனிப் பெர்லை நிறுவி, கார்ட்டன் கருவியைக் கொண்டு மாட்யூல்களின் பதிப்புகளைப் பூட்டி வைப்பது நல்ல பழக்கம். ஒவ்வொரு கோடையிலும் புதிய பதிப்பு வரும்போது சோதனைச் சர்வரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், உடைவது ஒன்றிரண்டாக இருக்கும்போதே தெரிந்துவிடும். 5.16இலிருந்து 5.40க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டியவர்கள் இடைப்பட்ட எல்லா மாற்றக் குறிப்புகளையும் படிக்க முடியாவிட்டாலும், 5.18, 5.26 இரண்டின் குறிப்புகளையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஹாஷ் வரிசையும் அந்தப் புள்ளியும் அங்கேதான் இருக்கின்றன.